கர்ப்ப காலத்தில் பல் வைத்தியம்: தள்ளிப்போடத்தக்க காரியமா?

கர்ப்பவதியான ஒரு பெண்ணுக்கு ஆலோசனை கூறுவோர் குறைவுபடுவதில்லை. எதைப் புசிக்கவேண்டும், எதைத் தவிர்க்கவேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவேண்டும், எத்தனை படி ஏறலாம் என்று வீட்டிலுள்ளோரும் அண்டை அயலாரும் ஆளுக்கொன்றாய்ச் சொல்லுகின்றனர். ஆயினும், "உன் பற்களையும் ஈறுகளையும் ஒருமுறை காட்டிவிட்டு வா" என்று சொல்லுகிறவர்கள் மிகச் சிலரே. பல் வலிக்கிறது என்று அவளாகவே வாய்திறந்து சொன்னாலும், "பிள்ளை பிறக்கட்டும், அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது. ஆனால் மருத்துவம் அதற்கு நேர்மாறாகச் சொல்லுகிறது. கர்ப்ப காலத்தில் செய்யப்படும் முறையான பல் சிகிச்சை தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானது. ஆபத்து இருப்பதோ சிகிச்சையில் அல்ல. தாமதத்திலும், கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலுமே. திருப்பதியிலும் சித்தூரிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது மிக அவசியம். ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஈறுகளில் இரத்தம் ஏன் வருகிறது?

கர்ப்பந்தரித்தபின் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் உடலில் பெருகுகின்றன. இவற்றால் ஈறுகளுக்குப் பாயும் இரத்தம் அதிகரிக்கிறது. பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலம் முன்பிருந்த அளவே இருந்தாலும், ஈறு இப்போது அதைத் தாங்காமல் வீங்கிச் சிவந்து, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காட்டினருக்கு இந்த ஈறு அழற்சி உண்டாகிறது. சாதாரணமாக இரண்டாம் மாதத்தில் தொடங்கி, எட்டாம் மாதத்தில் உச்சம் பெற்று, பிரசவத்திற்குப் பின் தணிகிறது.

இரத்தத்தைக் கண்டு பயந்து பலர் பல் துலக்குவதையே குறைத்துக்கொள்ளுகின்றனர். படலம் அப்படியே தங்கிவிடுவதால் அழற்சி மேலும் பெருகுகிறது. இரத்தம் வரும் ஈறுக்கு முதல் மருந்து மென்மையான பிரஷ்ஷும் பொறுமையான துலக்குதலும்தான். அதன்பின்னும் நில்லாவிடில் பற்காறையை நீக்கும் ஸ்கேலிங் தேவைப்படும். அதையும் கர்ப்ப காலத்திலேயே செய்துகொள்ளலாம்.

சில பெண்களுக்கு இரு பற்களுக்கு நடுவே ஈற்றில் சிவந்த சிறு சதைக்கட்டி எழும்புவதுண்டு. தொட்டால் இரத்தம் வரும். புற்றுநோயோ என்று கலங்கவேண்டாம். இது கர்ப்ப காலத்திற்குரிய கட்டி. பெரும்பாலும் பிரசவத்திற்குப்பின் தானாகவே சுருங்கிவிடும். உண்ணத் தடையாகவோ ஓயாத இரத்தப்போக்காகவோ இருந்தால் மட்டும் இடையிலேயே அகற்றுவர்.

முதல் மாதங்களின் வாந்தியும் பற்களைத் தாக்குகிறது. வயிற்றிலிருந்து மேலே வரும் அமிலம் பல்லின் மேற்பூச்சை மென்மையாக்கிவிடுகிறது. வாந்தி எடுத்தவுடன் வாய் நாற்றம் போக அழுத்தித் துலக்குவது இயல்பான பழக்கம். ஆனால் அப்போது தேய்ந்துபோவது பல்லின் மேற்பூச்சேயாகும். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குவதே சரி.

ருசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்தூர் மாவட்டம் மாங்காய்க்கும் வெல்லத்திற்கும் பேர்போனது. மசக்கைக்காரிக்குப் புளிப்பு மாங்காயும், "இரத்தம் ஊறும்" என்று வெல்லமும் வேளைதோறும் கொடுக்கப்படுகின்றன. முற்றிலும் விலக்கவேண்டியதில்லை. ஆனால் நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சுவைப்பதும், இரவில் வெல்லத்தைத் தின்றுவிட்டு வாய் கொப்பளியாமல் உறங்குவதும் சொத்தைக்கு வழி திறக்கும். உணவோடு சேர்த்து உண்டு, நீரால் கொப்பளித்தால் போதுமானது. உபவாச நாட்களில் வாய் உலர்ந்து, உமிழ்நீர் குறைந்து, கிருமிகள் பெருகும். கர்ப்பவதிகள் உபவாசிக்கலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நலம்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல்" என்பது உண்மையா?

வயிற்றிலுள்ள குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடுகிறது, ஆகவே ஒவ்வொரு பேறுக்கும் ஒரு பல் போவது விதி என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இது உண்மையன்று. முழுதாய் உருவான பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து திரும்ப இரத்தத்திற்குச் செல்லுவதில்லை. குழந்தைக்கு வேண்டியது தாயின் உணவிலிருந்தும், அது போதாதபோது அவளுடைய எலும்பிலிருந்தும் செல்லுகிறது. பல் போவதற்குக் காரணம் கவனியாமல் விடப்பட்ட சொத்தையும் ஈறு நோயுமேயன்றிக் குழந்தையல்ல.

ஆனபடியினால்தான் நான்காம் மாதத்திலிருந்து கால்சியம் மாத்திரை தரப்படுகிறது. நம் தேசத்தின் வழிகாட்டுதலின்படி நாளொன்றுக்கு 500 மி.கி. வீதம் இருவேளை, பிரசவத்திற்குப் பின்னும் ஆறு மாதம் தொடரவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றின் பலனை மற்றது குறைத்துவிடும். வெவ்வேறு வேளைகளில் உட்கொள்ளுங்கள். இரும்பு டானிக் குடிப்பவர்கள் ஸ்ட்ரா வைத்துக் குடித்து வாயைக் கொப்பளித்தால் பற்கள் கறுக்கா.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 124 தாய்மாரைப் பரிசோதித்து, கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைமாதத்திலோ எடை குறைவாகவோ குழந்தை பிறப்பது மிகுதியாகக் காணப்படுகிறது என்று அறிவித்தனர். உலகெங்கும் இது பேசப்பட்டது. அப்படியானால் ஈறு நோய்க்குச் சிகிச்சை தந்தால் குறைப்பிரசவம் தடுக்கப்படுமா?

இதை அறிய அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 21 வாரங்களுக்குள் ஈறுகளை ஆழமாகச் சுத்தம்செய்யும் சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றவர்களுக்குப் பிரசவத்திற்குப் பின். 2006 நவம்பரில் முடிவு வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவர்களில் 12.0 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 12.8 விழுக்காட்டினருக்கும் குறைப்பிரசவம் நேர்ந்திருந்தது. ஏறக்குறைய சமமே. ஆகவே, "பல்லைச் சுத்தம் செய்துகொண்டால் குறைப்பிரசவம் வராது" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டியதில்லை.

ஆனால் அதே எண்ணிக்கை இன்னொரு உண்மையையும் உரக்கச் சொல்லிற்று. கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை பெற்றவர்களுக்கு எவ்விதத் தீங்கும் கூடவில்லை. ஈறுகளோ நலமடைந்தன. 2015இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வும் இதையே உறுதிப்படுத்திற்று. மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் சிகிச்சை பெற்ற 210 கர்ப்பிணிகளை, அவ்வாறு பெறாத 794 பேரோடு ஒப்பிட்டபோது, பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013ஆம் ஆண்டிலேயே, கர்ப்பிணிகளின் பற்களை விசாரித்தறிந்து பல் மருத்துவரிடம் அனுப்பும்படி தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

எந்த மாதத்தில், எந்தச் சிகிச்சை?

முதல் மூன்று மாதங்கள் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம். தாய்க்கும் மசக்கை மிகுதி. ஆகவே அவசரமில்லாதவற்றை இக்காலத்தில் ஒத்திவைப்பது வழக்கம். பரிசோதனை செய்துகொள்ளத் தடையில்லை.

நான்கு முதல் ஆறு மாதங்கள் மிக வசதியான காலம். ஸ்கேலிங், சொத்தை அடைத்தல், ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை, தவிர்க்க இயலாத பல்லை எடுத்தல் ஆகிய யாவற்றையும் செய்துகொள்ளலாம்.

கடைசி மூன்று மாதங்களிலும் சிகிச்சை செய்யலாம். மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்துவதால் தலைசுற்றலும் மயக்கமும் வரக்கூடும். வலது இடுப்பின்கீழ் ஒரு சிறு தலையணை வைத்து இடப்புறமாய்ச் சற்றுச் சாய்ந்துகொண்டால் இத்தொல்லை நீங்கும். மயக்கம் வருவதுபோல் தோன்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லிவிடவேண்டும்.

வலியும் சீழும் இருந்தால் இந்த மாதக் கணக்கு எதுவும் பொருந்தாது. எந்த மாதமாயினும் அன்றே சிகிச்சை பெறவேண்டும். பற்களை வெண்மையாக்குதல் போன்ற அழகுச் சிகிச்சைகளை மட்டும் பிரசவத்திற்குப்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி, எக்ஸ்ரே, மாத்திரை

மரத்துப்போகச் செய்யும் ஊசியில் இருப்பது லிக்னோகெய்ன். பெரும்பாலும் அதோடு சிறிதளவு அட்ரினலின் சேர்ந்திருக்கும். உரிய அளவில் இது கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. ஊசிக்குப் பயந்து இரவெல்லாம் வலியில் துடிப்பதும், உண்ணாமல் உறங்காமல் கிடப்பதும் தாய்க்கு அதைவிடக் கேடானது.

பல் எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் பாயும் இடம் தாடை. குழந்தை இருப்பதோ வெகு தூரத்தில். 50 மில்லிகிரே அளவுக்குட்பட்ட கதிர்வீச்சால் குழந்தைக்கு ஊனம் நேருவதாகக் காணப்படவில்லை. ஒரு பல்லின் எக்ஸ்ரேயில் கர்ப்பப்பையை எட்டுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல், ஈய மேலங்கிகூட அவசியமில்லை என்று அறிவித்துவிட்டது. ஆயினும் அணிந்தால் மனம் அமைதியாகும் என்றால் கேட்டு அணிந்துகொள்ளுங்கள், குற்றமில்லை.

சொத்தையை அடைக்கும்போது பாதரசம் கலந்த வெள்ளிநிற அடைப்பைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் அறிவுறுத்தியது. பல்லின் நிறத்திலேயே உள்ள அடைப்பைக் கேளுங்கள். முன்பே போட்டுக் கெடாமல் இருக்கும் பழைய அடைப்பை இப்போது தோண்டி எடுக்கவேண்டாம்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது மாத்திரை விஷயத்தில்தான். மருந்துக்கடையில் "பல்வலி மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு ஆகியவற்றில் ஒன்றோ, பாராசிட்டமாலோடு அவை கலந்ததோ ஆகும். இருபது வாரங்களுக்குப்பின் இவ்வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மாதங்களில் குழந்தையின் இருதயத்திற்கு அருகேயுள்ள முக்கியமான இரத்தக்குழாயை உரிய காலத்திற்கு முன்பே மூடிவிடவும் கூடும். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகிய கிருமிக்கொல்லிகள் குழந்தையின் பற்களில் நீங்காத கறையை உண்டாக்கும்; இவற்றைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது.

வலிக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும். இதைப்பற்றி 2025இல் அமெரிக்காவில் பெரும் விவாதம் எழுந்தபோதும், மகப்பேறு மருத்துவ அமைப்புகள் தேவையானபோது இதைப் பயன்படுத்தலாம் என்பதில் உறுதியாய் நின்றன. சீழ் இருந்தால் அமாக்சிசிலின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தத்திற்காக உங்கள் மகப்பேறு மருத்துவர் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், பல்லுக்காக அதை நீங்களாக நிறுத்தவேண்டாம். பல்லில் மூக்குப்பொடியையோ புகையிலையையோ அடைத்துக்கொள்ளும் பழக்கம் எந்த நிலையிலும் வேண்டாம். அந்த நஞ்சு இரத்தத்தின் வழியே குழந்தைக்கும் செல்லும்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே

இனி நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறவேண்டும். சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் தலைமுறைகளாய்த் தமிழ் பேசுவோர் உள்ளனர். வேலையின் நிமித்தம் திருப்பதிக்கும் ரேணிகுண்டாவிற்கும் ஸ்ரீசிட்டிக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணிப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியோரும் அநேகர். தலைப்பிரசவத்திற்கு ஏழாம் மாதத்தில் பெண் தாய்வீடு செல்லுவது நம் வழக்கம்.

ஓர் இளம்பெண்ணை எண்ணிப்பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் திருப்பதியில் இருக்கும்போது கடைவாய்ப் பல் குடைகிறது. மொழி தெரியாத ஊரில் வைத்தியம் எதற்கு, அம்மா வீட்டிற்குப் போய்க் காட்டிக்கொள்ளட்டும் என்கிறார் மாமியார். ஏழாம் மாதத்தில் தாய்வீடு சேர்ந்தபின், நிறைமாதம் நெருங்கும்போது பல்லில் கைவைக்க வேண்டாம் என்கிறார் தாயார். பிள்ளை பிறந்தபின், பால்கொடுப்பவளுக்கு ஊசி கூடாது என்கிறார்கள். மூன்று பேரும் அவள்மேல் அன்புள்ளவர்களே. ஆனால் சிகிச்சைக்கு மிகவும் ஏற்றதான நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் இவ்விதமாய்க் கைநழுவிப் போகின்றன. அந்த மாதங்களில் அவள் இருப்பது கணவன் வீட்டிலே என்பதால், அவளை அழைத்துச் செல்லும் பொறுப்பும் கணவனுடையதே. (பாலூட்டும் தாயும் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை.)

மொழி ஒரு தடையல்ல. சில தெலுங்குச் சொற்கள் போதும். கர்ப்பிணி என்பதற்கு "கர்பவதி", பல்வலிக்குப் "பன்னு நொப்பி", ஈறுகளுக்குச் "சிகுள்ளு", வீக்கத்திற்கு "வாபு", காய்ச்சலுக்கு "ஜ்வரம்", மாதத்திற்கு "நெல". எல்லாவற்றிற்கும் முன்னே சொல்லவேண்டிய சொல் "கர்பவதி" என்பதே. மேடு தெரியாத தொடக்க மாதங்களில் இதைச் சொல்லாமல் விடுவதே பல தவறுகளுக்குக் காரணம்.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலைப் பக்கத்தில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா அரசு மருத்துவமனையும் அரசு பிரசவ மருத்துவமனையும் உள்ளன. சித்தூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே பல் மருத்துவமும் மகப்பேறும் ஒரே நிறுவனத்தில் கிடைக்கின்றன. அன்றியும் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. அன்றைக்கே, "என் பல்லையும் யாரிடம் காட்டலாம்?" என்று கேட்டுவிடுங்கள்.

பல் மருத்துவரிடம் செல்லும்போது கையில் இருக்கவேண்டியவை:

1. தாய் சேய் பாதுகாப்பு அட்டை. இரத்த அழுத்தம், இரத்தசோகை, சர்க்கரை ஆகிய விவரங்கள் அதில் உள்ளன.

2. இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள்.

3. மகப்பேறு மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

4. முந்தைய கருச்சிதைவு, குறைப்பிரசவம், மருந்து ஒவ்வாமை இருந்தால் அதைப்பற்றிய குறிப்பு.

பல் மருத்துவர் எழுதித்தரும் சீட்டையும் அதே அட்டையோடு வைத்துக்கொண்டு தாய்வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர அது உதவும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

முகமோ தாடையின் அடிப்பாகமோ வீங்குதல், பல்வலியோடு காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, உமிழ்நீரை விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை அபாய அடையாளங்கள். பல்லின் வேரிலிருந்த சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். தாய் சேய் இரண்டு உயிர்களும் ஆபத்திற்குள்ளாகும். விடியட்டும் என்று காத்திராமல், இரவாயினும் 108க்கு அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெந்நீர் ஒத்தடமும் கிராம்புத் தைலமும் இதற்கு வைத்தியமல்ல.

பிறக்கும் குழந்தைக்காகவும்

குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் சொத்தைக் கிருமிகள் இல்லை. அவை பெரும்பாலும் தாயிடமிருந்தும் வளர்ப்போரிடமிருந்தும், சுவைத்துப் பார்த்த கரண்டியின் மூலமாகவே அதற்குச் செல்லுகின்றன. தாயின் சொத்தைகளை அடைத்து, வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் குழந்தைக்குச் செல்லும் கிருமிகளும் குறைகின்றன. பால்குடித்த குழந்தையின் ஈறுகளை ஈரமான சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணியாகும் எண்ணமுள்ள சகோதரிகள் அதற்கு முன்பே பற்களைப் பரிசோதித்துக்கொள்வது மிகச் சிறந்தது. ஏற்கனவே கர்ப்பவதியாயிருப்பவர்கள் நான்காம் மாதம் பிறந்ததும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவன்மாரே, மாமியாரே, "பிள்ளை பிறக்கட்டும்" என்ற சொல்லை விட்டு, "வா, இன்றைக்கே காட்டிவிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். அவளுடைய வலி அன்றைக்கே தீரட்டும்.